பதினோராவது ஜோடி

நாகஜோதி என் கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. திண்டுக்கல் நாகல் நகரில் என் ஜெராக்ஸ் கடைக்கு நேர் எதிர் வீடு அவளுடையது. ஒரு நாளைக்கு நாலு தடவையாவது ரோட்டைத் தாண்டி வந்துவிடுவாள். வருகிறவர்களுக்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருக்கிறேன். அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், விரலால் தட்டுவாள், நான் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறப்பதற்குள் வாசலுக்குப் போய் ரோட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள். "உட்காரும்மா" என்றால், "உக்காந்தா வேலை ஆகுமாண்ணே" என்பாள். என் ரத்தக் கொதிப்புக்கு அவள்தான் காரணம் என்று என் மனைவி சொல்வதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

அவள் தொழில் டூர் கூட்டிப்போவது. ஆபீஸ், போர்டு எதுவும் கிடையாது. எங்கள் தெருப் பெண்கள், பேகம்பூரில் தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று ஆள் சேர்த்து வேன் பிடிப்பாள். ராமேஸ்வரம், திருச்செந்தூர், நாகூர், வேளாங்கண்ணி, எந்தச் சாமியானாலும் கூட்டிப்போய்க் காட்டி, வழியில் ஒரு மர நிழலில் அடுப்பு மூட்டிச் சோறு ஆக்கிப் போட்டு, பத்திரமாகக் கொண்டுவந்து அவரவர் வாசலில் இறக்கிவிடுவாள்.

பிறந்தது நிலக்கோட்டைப் பக்கம். மல்லிகை பறிக்கிற வீடு. மொட்டு விரிவதற்குள் பறித்தாக வேண்டும், வேன் கிளம்புவதற்குள் பூவை மார்க்கெட்டில் சேர்த்தாக வேண்டும். சின்னப் பிள்ளையிலிருந்து அவளிடம் யாரும் மெதுவாக நட என்று சொன்னதில்லை. கட்டிக்கொடுத்த இடத்தில் புருஷன் தங்கமுத்து அரசு பஸ் கண்டக்டர், நேர் எதிர் சுபாவம். வீடு தீப்பிடித்தாலும் சட்டையை மாட்டிப் பொத்தானைப் போட்டுக்கொண்டுதான் வெளியே வருவார். அவர் ஓய்வு பெற்ற அன்று அவருடைய கண்டக்டர் விசிலை வாங்கி அவள் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். ஒரு விசிலுக்கு வேன் நிற்கும், இரண்டு விசிலுக்குக் கிளம்பும். "முப்பது வருசம் பஸ்ஸுலயே போயிட்டு வந்தவனுக்கு டூரு எதுக்கு" என்று தங்கமுத்து மட்டும் எந்த டூருக்கும் போனதில்லை.

இந்தத் தொழிலில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. அது முத்துப்பேச்சியால் வந்தது. ஆரம்ப காலத்தில் ராமேஸ்வரம் போய்த் திரும்பும்போது, பரமக்குடி தாண்டி வெகுதூரம் வந்த பிறகுதான் முத்துப்பேச்சி வேனில் இல்லை என்று தெரிந்தது. பதறிக்கொண்டு வேனைத் திருப்பினார்கள். நாகஜோதி வழியெல்லாம் அழுதுகொண்டே போனாளாம். கடைசியாக வேன் நின்ற இடத்துக்குப் போனால், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து முத்துப்பேச்சி நிதானமாக இரண்டாவது டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். "நாகஜோதி வராம போயிருவாளாக்கும்னு உக்காந்திருந்தேன்" என்றாளாம்.

அன்றிலிருந்து நாகஜோதி தலை எண்ணுவதை விட்டுவிட்டாள். எண்ணிக்கொண்டிருக்கும்போதே ஒருத்தி தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கிவிடுகிறாள். அதற்குப் பதில் ஜோடி. பக்கத்து இருக்கையில் இருப்பவருக்கு நீ பொறுப்பு, உனக்கு அவர் பொறுப்பு. விசில் ஊதியதும் ஜோடி ஜோடியாகக் கையைக் கோத்து மேலே தூக்க வேண்டும். தூக்காத ஜோடி இருந்தால் வேன் நகராது. பேகம்பூர் ரம்ஜான் பீவியும் எங்கள் தெருச் சோலையம்மாளும் பல வருட ஜோடி. தர்காவில் சோலையம்மாள் செருப்பைப் பார்த்துக்கொள்வாள், கோயிலில் ரம்ஜான் பீவி பார்த்துக்கொள்வாள்.

நாகஜோதியின் ஜோடி யோகராணி, டூரின் சமையல்காரி. தோட்டனூத்து இலங்கைத் தமிழர் முகாமில் இருக்கிறாள். பதினாலு வயதில் அப்பாவோடு படகில் வந்தவள். தங்கை அப்போது கைக்குழந்தை. அவளுக்குக் காய்ச்சல் என்று அம்மா அந்தக் கரையிலேயே நின்றுவிட்டாள், சுகமானதும் அடுத்த படகில் வருவதாகச் சொல்லி. அடுத்த படகு வரவில்லை. அப்பா இங்கேயே போய்ச் சேர்ந்தார். யோகராணி இங்கே கல்யாணம் முடித்துப் பிள்ளை பெற்று, பாதி திண்டுக்கல்லும் பாதி திருகோணமலையுமாக ஒரு தமிழ் பேசிக்கொண்டு, டிரைவருக்குப் பின் இருக்கையில் நாகஜோதி பக்கத்தில் குழம்புச் சட்டியை மடியில் அணைத்தபடி தமிழ்நாடு முழுக்கச் சுற்றியிருக்கிறாள். ஆனால் எந்த நாட்டு பாஸ்போர்ட்டும் அவளிடம் கிடையாது. ஊருக்குப் போக வழி உண்டு. போனால் இங்கே திரும்பி வர வழி இல்லை. புருஷனும் பிள்ளைகளும் இங்கே இருக்கிறார்கள். அதனால் அம்மாவை வீடியோ காலில் பார்ப்பதோடு சரி.

கப்பல் யோசனையைக் கிளப்பியவள் நாகஜோதியின் மகள் கௌசல்யா. சென்னையில் வேலை பார்க்கிறாள். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி இலங்கையில் இரண்டு மூன்று ஊரில் நின்று திரும்புகிற சுற்றுலாக் கப்பல், கூட்டமாகப் போனால் சலுகை உண்டு என்று சொல்லிவிட்டாள். ஒரே வாரத்தில் இருபது பேர் சேர்ந்துவிட்டார்கள். பத்து ஜோடி. என்னையும் கூப்பிட்டாள். கடல் எனக்கு ஆகாது, மெரினாவில் கால் நனைத்தாலே தலை சுற்றும். வரமாட்டேன் என்றேன். "அப்ப பிளான் போடுற வேலை உங்களுக்கு" என்று நாற்காலி முதுகைத் தட்டினாள்.

கப்பல் நிற்கிற ஊர்களில் ஒன்று திருகோணமலை. காலையில் போய்ச் சேரும், நாலு மணிக்குக் கிளம்பும், மூன்று மணிக்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட வேண்டும். ஊரைச் சுற்றிக் காட்டக் கப்பல்காரர்களே பஸ் வைத்திருந்தார்கள். விலையைக் கேட்டதும் அவள் முகம் சுருங்கியது. ஆனால் அதைவிட, அவர்கள் காட்டுவது என்னென்ன என்று நான் வாசித்ததில்தான் கோபம் வந்தது. கடற்கரை, ஒரு ஓட்டலில் சாப்பாடு, கோணேசர் கோயிலை வெளியிலிருந்து பார்த்தல்.

"வெளிய இருந்து பாக்குறதுக்கு நான் எதுக்குண்ணே கடல் தாண்டிப் போகணும்? அதுக்கு உங்க கம்ப்யூட்டரு பத்தாதா? நம்ம தனியாப் போவோம்."

அதற்குப் பிறகு ஒரு மாதம் என் கடையில் வேறு வேலை நடக்கவில்லை. யோகராணியின் தங்கை சொல்லி ஆல்வின் என்கிற வேன்காரர் கிடைத்தார். தினமும் அவருக்கு வாட்ஸ்அப்பில் பேச்சு. கோயில் நடை மத்தியானம் சாத்திவிடுவார்கள், அதனால் முதலில் கோயில். பிறகு கன்னியா வெந்நீர்க் கிணறுகள். அங்கே பெண்கள் சேலை மாற்ற மறைவு உண்டா? கழிப்பறையில் தண்ணீர் வருமா? ரம்ஜான் பீவிக்கு ஹலால் கடை எந்தத் தெருவில்? "வழியில ரயில்வே கேட்டு இருக்கான்னு பாருங்கண்ணே" என்று ஒரு நாள் ஓடி வந்தாள். திண்டுக்கல்காரிக்கு உலகத்தில் எங்கே போனாலும் கேட்டில் மாட்டிக்கொள்ளும் பயம் போகாது. வரைபடத்தை விரித்து அந்த ஊர் ரோடுகளில் விரலை வைத்து நடந்து பார்த்தோம். ஒரு வழியாகத் திட்டம் முடிந்தது என்று மூச்சு விடுவேன். மறுநாள் காலையில், "வெயில் ஏறுறதுக்கு முன்னாடி கெணத்துக்குப் போயிட்டா என்ன?" என்று வந்து நிற்பாள். எனக்குக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருக்கும்.

ஒரு விதியை மட்டும் நான் அழுத்திச் சொன்னேன். "கப்பல்காரங்க பஸ்ஸில் போனா, பஸ் வர்ற வரைக்கும் கப்பல் நிக்கும். நீயா போனா நேரத்துக்கு வரணும். வரலைன்னா விட்டுட்டுப் போயிருவாங்க."

"ஆளு கொறஞ்சா எப்படிண்ணே வண்டி எடுப்பான்?"

"அது வண்டி இல்லம்மா, கப்பல்."

"எதுவா இருந்தா என்ன. ஒரு பொம்பளையை விட்டுட்டுப் போக டிரைவருக்கு மனசு வருமா?"

அந்த விதியைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில்தான் பயணத்துக்கு முறுக்கு மடித்தாள் என்று பின்னால் தெரிந்தது.

கிளம்புவதற்கு முந்தின வாரம் யோகராணி கடைக்கு வந்தாள். அவள் இல்லாத முதல் டூர் இது. அதைப் பற்றி இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை, முறுக்குக்கு எத்தனை படி மாவு என்றுதான் பேசிக்கொண்டிருந்தார்கள். பிறகு நாகஜோதி கேட்டாள், "கெணத்துல இருந்து உங்க வீடு பக்கந்தானாம்டி. எல்லாரும் குளிக்கிற நேரத்துல நான் ஆட்டோ புடிச்சுப் போயிட்டு வந்திருறேன். அம்மாவுக்கு என்ன கொண்டு போக?"

"ஒண்டும் வேண்டாம் அக்கா. அம்மா கையால ஒருக்காச் சாப்பிட்டுட்டு வாங்க. எனக்குப் பதிலா."

"அம்புட்டுத்தானா?"

"நிண்டுகொண்டு இல்ல. இருந்து சாப்பிடணும்."

இருந்து என்றால் அவர்கள் பேச்சில் உட்கார்ந்து. யோகராணிக்குத் தெரியும். எத்தனையோ மர நிழல்களில் எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகு, நாகஜோதி பாத்திர மூடியில் நாலு கை சோற்றை வாங்கி, நின்றபடி, வேனைப் பார்த்துக்கொண்டே விழுங்குவதை அவள்தான் கூட இருந்து பார்த்திருக்கிறாள்.

நாகஜோதி நாற்காலியைத் தட்டுவதை நிறுத்தினாள். "உக்காந்து சாப்பிடுறேன்டி. சத்தியமா" என்று அவள் தலையில் கையை வைத்தாள்.

இனி நான் சொல்வது போனவர்கள் வந்து சொன்னது. ஆளுக்கு ஒரு விதமாகச் சொன்னார்கள், ஒத்துப்போகிறதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

திருகோணமலைத் துறைமுக வாசலிலேயே தாமதம். வரிசை நகரவில்லை. நாகஜோதி வரிசையின் முன்னும் பின்னுமாக நடந்து நடந்து, அங்கிருந்த அதிகாரி ஒருவர் அவளுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று கேட்டிருக்கிறார். கோயிலுக்குப் போனால் அங்கே மலைப்பாதையில் மான்கள் திரிந்தன. சோலையம்மாள் மானுக்கு வாழைப்பழம் கொடுத்தே நேரத்தைக் கரைத்துவிட்டாள். நாகஜோதி விசில் ஊதிப் பார்த்தாள், மான்தான் ஓடிற்று, சோலையம்மாள் அசையவில்லை. நடை சாத்துவதற்குச் சற்று முன் எல்லாரையும் உள்ளே தள்ளி, கும்பிட வைத்து, வெளியே இழுத்துவந்து வேனில் ஏற்றியபோது நாகஜோதிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

கன்னியாவில் ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. ஒவ்வொன்றிலும் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டால்தான் வந்ததற்கு அர்த்தம் என்று நம் பெண்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இனி இவர்கள் லேசில் நகரமாட்டார்கள் என்று நாகஜோதிக்குத் தெரிந்துபோயிற்று. விசிலைக் கழற்றி ரம்ஜான் பீவி கழுத்தில் மாட்டினாள்.

"அக்கா, ஆல்வின் தம்பி ஹாரன் அடிச்சதும் விசில் ஊதுங்க. பத்து ஜோடியும் கையத் தூக்குனா நேரா ஹார்பருக்கு விடச் சொல்லுங்க. நான் அங்க வந்து சேந்துக்கிறேன்."

யோகராணியின் அம்மா வேலிப் படலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். எழுபதைத் தாண்டிய, மெலிந்த, விறுவிறுவென்று நடக்கிற மனுஷி. நாகஜோதியின் இரண்டு கையையும் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள். மீன் கழுவி வைத்திருந்தது. தேங்காய் உடைத்து வைத்திருந்தது. முருங்கை இலை உருவி வைத்திருந்தது. அடுப்பு மட்டும் பற்றவைக்கவில்லை.

விருந்தாளி வாசலில் கால் வைத்த பிறகுதான் அங்கே உலை வைப்பார்களாம். ஆறின சோற்றை யாராவது பிள்ளைக்குப் போடுவார்களா? பச்சைத் தண்ணீரோடு பானை அடுப்பில் ஏறுவதைப் பார்த்ததும் நாகஜோதி மணியைப் பார்த்தாள்.

"அம்மா, சுருக்கா எதாச்சும் குடுங்க, ஒரு வாய் போதும். ஒரு வாழைப்பழம்னாலும் சரி."

"என்ன கதை இது. முப்பது வருசத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு வாழைப்பழமோ குடுக்கிறது? இருங்கோ."

"கப்பலு போயிரும்மா."

"கப்பல் எங்க போகப்போகுது, கடலிலதானே நிக்கும். இருங்கோ பிள்ளை."

அவள் இருக்கவில்லை. அடுப்படிக்கும் படலுக்குமாக நடந்தாள். தேங்காயைத் தானே பிடுங்கித் துருவினாள், விறகைத் தள்ளினாள், மூடியைத் திறந்து திறந்து பார்த்தாள். திறந்தால் இன்னும் லேட்டாகும் என்று அவளுக்கே தெரியும். வெளியே ஆட்டோக்காரன் ஹார்ன் அடித்தான். குழம்பு கொதி வரவில்லை, சோறு பாதி வெந்திருந்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அந்த அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். "மன்னிச்சிருங்கம்மா. அங்க இருபது பேரு எனக்காக நிப்பாக."

அந்த அம்மா கையில் அகப்பையோடு நின்றாள். கோபப்படவில்லை, கெஞ்சவும் இல்லை. "சரி பிள்ளை. போயிட்டு வாங்கோ" என்றாள்.

ஆட்டோ பிரதான ரோட்டுக்கு வந்த பிறகுதான் நாகஜோதிக்கு அது உறைத்தது. போயிட்டு வா என்று இதே குரலில்தானே கரையில் நின்று மகளுக்கும் சொல்லியிருப்பாள்? அன்றைக்கும் கெஞ்சியிருக்க மாட்டாள். மகள் போனாள், வரவில்லை. இன்றைக்கு மகளுக்குப் பதிலாக வந்தவளும் சாப்பிடாமல் போகிறாள். "போறதா வேண்டாமான்னு ஆயிருச்சுண்ணே" என்று என்னிடம் சொன்னாள். "அப்புறம் யோசிச்சேன். என்னைய விட்டுட்டு எப்படிப் போவாக? முத்துப்பேச்சிக்காக வேனைத் திருப்புனவ நானு. இருபது பேரு இருக்காக, நாகஜோதியக் காணோம்னு ஒருத்தி கூடவா கத்த மாட்டா? கப்பலுன்னா என்ன, செத்த நேரம் நிக்காதா?"

"ஆட்டோவைத் திருப்புங்க தம்பி" என்றாள்.

சோறு வெந்து வடித்து, மீன் குழம்பும் சொதியும் முருங்கையிலை வறையும் வரிசையாக வந்தன. பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த அம்மா எதிரே உட்கார்ந்து, தன் கையாலேயே முதல் கவளத்தைப் பிசைந்து உருட்டி அவள் உள்ளங்கையில் வைத்தாள். நாகஜோதி மென்றாள். மென்று விழுங்க எவ்வளவு நேரமாகிறது என்பதே தனக்கு மறந்துபோயிருந்தது என்றாள். தங்கை தன் போனில் யோகராணியைக் கூப்பிட்டு, பார் பார் என்று திரையைக் காட்டினாள். யோகராணி ஒரு நிமிடம் பார்த்தாள். பிறகு, "கட் பண்ணு. பாக்கிறது எனக்குத் தினமும்தான். அக்கா வந்து சொல்லட்டும்" என்று அவளே நிறுத்திவிட்டாள்.

அந்த நேரத்தில் கன்னியாவில் ரம்ஜான் பீவி விசில் ஊதினாள். ஈரத் தலையோடு பத்து ஜோடியும் கையைத் தூக்கியது. ஒரு கை குறையவில்லை. ஆல்வின் வேனை எடுத்தார். துறைமுகத்தில் நாகஜோதியைக் காணாததற்கு, முன்னாலேயே வந்து உள்ளே போயிருப்பாள், அவளாவது பிந்தி வருகிறதாவது என்று எல்லாரும் ஒரே மாதிரி நினைத்தார்கள். கப்பலில் ஏறி நேராகச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். ஒலிபெருக்கியில் ஆங்கிலத்தில் அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் ஆட்கள் ஐஸ்கிரீம் வரிசையில் இருந்தார்கள். சோலையம்மாள் தலைவலித் தைலம் கேட்டு நாகஜோதியின் அறைக் கதவைத் தட்டியபோது கரை கண்ணுக்குத் தெரியவில்லை.

நாகஜோதி துறைமுக வாசலுக்கு வந்தபோது கப்பல் விரிகுடாவில் திரும்பிக்கொண்டிருந்தது. கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். கட்டின தொண்டையிலிருந்து சத்தம் வரவில்லை. விசில் மட்டும் கையில் இருந்திருந்தால் நிறுத்தியிருப்பேன் என்று இன்றைக்கும் சாதிக்கிறாள். காவலுக்கு இருந்த போலீஸ்காரர் பாஸ்போர்ட்டைக் கேட்டார். ஏறும்போதே வாங்கி வைத்திருந்த அதைக் கப்பல்காரர்கள் துறைமுக ஏஜென்டிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருந்தார்கள், ஏஜென்டோ மறுநாள்தான் வருவார். யார் நீ, எந்த ஊர், எங்கே தங்குவாய் என்று கேள்வி. கையில் ஒரு காகிதம் கிடையாது. அவள் வாயிலிருந்து வந்தது யோகராணி வீட்டு விலாசம்தான். இரவு அந்த வீட்டுப் பாயில் படுத்துக்கொண்டு, ஒரு நாள் காகிதம் இல்லாததற்கே நமக்கு இப்படி உதறுகிறதே, யோகராணி எப்படித்தான் இத்தனை வருஷம் இருக்கிறாள் என்று நினைத்து நினைத்து அழுதாளாம். அத்தனை டூர் கூட்டிப்போனபோது ஒரு தடவைகூட அதைக் கேட்கத் தோன்றவில்லையே என்றும் அழுதாளாம்.

சேதி இங்கே வந்தபோது தங்கமுத்து என் கடையில் இருந்தார். கௌசல்யா போனில் பதறுவது எனக்கே கேட்டது. அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "டபுள் விசில் குடுக்காம வண்டி எடுத்துட்டானா?" என்றார். பிறகு போனைச் சட்டைப் பையில் வைக்கப் பார்த்தார், பை கிடைக்காமல் கை மூன்று நான்கு தடவை தவறியது.

செய்தி கேட்டு முகாமிலிருந்து யோகராணி பஸ் பிடித்து ஓடி வந்தாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "இருபது பேர் போனாங்களே, ஒருத்திக்குக்கூடவா அவளைப் பாக்கணும்னு தோணல? பத்து ஜோடியும் சரியாத்தானே கையைத் தூக்கினாங்களாம்!" என்று கத்தினேன்.

தங்கமுத்து யோகராணியைப் பார்த்தார். "அதெல்லாம் சரியாத்தான் பாத்திருக்காக அப்பு. அவ ஜோடி இங்கதான நிக்கிது" என்றார்.

யோகராணி முகத்தை மூடிக்கொண்டு அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அந்த நாற்காலிக்கு அடுத்த இரண்டு நாளும் அவள்தான் சொந்தக்காரி. காலையில் வருவாள், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவாள். ஏஜென்ட் பாஸ்போர்ட்டைக் கொடுத்தாரா, கொழும்புக்கு ரயில் கிடைத்ததா, மதுரைக்கு விமானம் உண்டா என்று கௌசல்யா சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருப்பாள். எழுந்து வாசலுக்குப் போவாள், ரோட்டை எட்டிப் பார்ப்பாள், திரும்பி வந்து உட்காருவாள். நாகஜோதி கடையில் இல்லாத குறையே எனக்குத் தெரியவில்லை.

நாகஜோதி திரும்பி வந்தபோது கப்பல் சென்னைக்கே வந்திருக்கவில்லை. இந்தப் பெருமையை அவள் சாகும்வரை சொல்வாள். மதுரை விமான நிலையத்திலிருந்து டாக்சி நேராக என் கடை வாசலில் வந்து நின்றது. இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். "அண்ணே, ரெண்டு நாளும் உக்காந்தே சாப்பிட்டேன், இடுப்பு புடிச்சுக்கிச்சு. எந்திரிக்கவே விடலண்ணே அந்தம்மா. காலையில புட்டு, மத்தியானம் மீனு, ராத்திரி திரும்பவும் மீனு. வெஞ்சனம் வச்சுக்கிட்டே இருக்காக..."

யோகராணி எழுந்து நின்றாள்.

யோகராணி கிட்டே வந்து நாகஜோதியின் வலது கையைப் பிடித்தாள். விரல்களைச் சேர்த்துக் குவித்து, முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தாள்.

"ஏய், நேத்து ராத்திரி சாப்பிட்டதுடி. சோப்புப் போட்டுக் கழுவிட்டேன்டி" என்றாள் நாகஜோதி.

"தெரியும் அக்கா" என்றாள் யோகராணி. கையை விடவில்லை.

வாசலில் டாக்சிக்காரன் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தான். நாகஜோதி திரும்பிப் பார்க்கவில்லை.